கத்தார் போனவனின் ஸ்டூல்

எங்கள் பாண்டில் நான்கு பேர். மேடையில் தெரிவது மூன்று பேரும் ஒரு ஸ்டூலும். அந்த ஸ்டூல் இருக்கிற இடத்தில் ஓர் ஆளைப் போட வேண்டும் என்பது என் கட்சி. யாரையும் போடக் கூடாது என்பது எங்கள் டிரம்ஸ்காரனின் கட்சி. பல வருஷங்களாக இந்தச் சண்டை. இதற்குச் செலவழித்த தொண்டையைப் பாட்டுக்குச் செலவழித்திருந்தால் இந்நேரம் எங்கேயோ போயிருப்பேன் என்று என் மனைவி சொல்வாள். அவளுக்கென்ன, சொல்வாள்.

பாண்டு என்றால் ராமநாதபுரத்தில் யாருக்கும் வேறு எதுவும் தோன்றாது. சிவப்புச் சட்டை, தோளில் சரிகை, வாயில் டிரம்பெட், கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னால் நடக்கிற கூட்டம். நாங்கள் அவர்கள் இல்லை என்று விளக்கிச் சொல்லியே எனக்குப் பாதி வயது போய்விட்டது. நாங்களே பாட்டு எழுதி, நாங்களே மெட்டுப் போட்டு, நாங்களே பாடுகிறவர்கள். சினிமாப் பாட்டு கிடையாது. தண்ணி லாரி வராத தெருவைப் பற்றி ஒரு பாட்டு வைத்திருக்கிறோம். கருவேல முள் ஏறிய டயரைப் பற்றி ஒன்று. வாடைக்காற்றில் பறந்துபோன பந்தலைப் பற்றி ஒன்று. "இதெல்லாம் எதுக்குப்பா பாடிக்கிட்டு? அதான் தெனம் பாக்குறமே" என்று ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

முதன்முதலில் எங்களைக் கூப்பிட்டது ஒரு சடங்கு வீடு. மேடை போட்டிருப்பார்கள் என்று நம்பிப் போய் இறங்கினால், தாய்மாமன் சீர்த்தட்டோடு தெருமுனையில் நிற்கிறார். "நடங்கப்பா" என்றார். "எங்க நடக்கச் சொல்றீக?" என்றேன். "பாண்டுக்காரய்ங்கதான முன்னாடி நடக்கணும்? வெயிலு ஏறுது, வாங்க" என்றார். டிரம்ஸ் செட்டைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, டிரம்ஸ்காரன் அதன் மேல் உட்கார்ந்து அடித்துக்கொண்டே வர, பின்னால் நாங்கள் வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். நான் தண்ணி லாரிப் பாட்டைப் பாடினேன். தாய்மாமன் அதற்கும் ஆடினார். அதுதான் எங்கள் அரங்கேற்றம்.

நான் பகலில் மோட்டார் காயில் கட்டுகிறவன். பாண்டில் பாட்டு எழுதுவதும் பாடுவதும் என் வேலை. டிரம்ஸ்காரன் ஆர்.எஸ்.மங்கலத்துக்காரன். பெரிய கண்மாய்ப் பாசனத்தில் நெல் வயல் இருக்கிறது. அறுப்புக் காலத்தில் ஆள் கண்ணிலேயே பட மாட்டான், போன் பண்ணினால் டிராக்டர் சத்தம்தான் கேட்கும். கித்தார்காரன் சிக்கலில் இருந்து வருகிறவன். அவன் வாயே திறக்க மாட்டான். நாங்கள் சண்டை போடும்போதெல்லாம் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பான். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கிறது என்று அவனுக்கு எப்போதும் ஒரு சாக்கு உண்டு. நாலாவது ஆள் கீழக்கரைக்காரன், பேஸ் கித்தார். முழங்காலில் பழைய அடி இருந்ததால் நின்று வாசிக்க மாட்டான். வீட்டிலிருந்து ஒரு மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து அதில் உட்கார்ந்துதான் வாசிப்பான்.

டிரம்ஸ்காரனின் மச்சினனுக்கு ஊருக்கு வெளியே ஒரு கரி குடோன். கருவேலங்கரி மூட்டைகளுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் நாங்கள் வாசித்துப் பழகுவோம். மூட்டைகள் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அக்கம்பக்கத்தில் யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் பாடிவிட்டு வீட்டுக்குப் போனால் மூக்கைச் சிந்தினாலும் கறுப்பு, துப்பினாலும் கறுப்பு. வெள்ளைச் சட்டை போடுகிற ஆசையையே விட்டுவிட்டேன்.

பேஸ்காரனுக்குக் கத்தாரில் ஸ்டோர் கீப்பர் வேலை வந்தது. "ரெண்டே வருஷம் மாப்ள, இன்ஷா அல்லாஹ் வந்துருவேன்" என்றான். அவன் கிளம்பிய அன்றைக்கு என் கடையில் அவசர வேலை இருந்ததால் நான் வழியனுப்பப் போகவில்லை. டிரம்ஸ்காரன்தான் மதுரை ஏர்போர்ட் வரைக்கும் போய்விட்டு வந்தான். அடுத்த வாரம் குடோனுக்குப் போனால், பேஸ்காரன் உட்காரும் இடத்தில் ஸ்டூல் துடைத்து வைத்திருக்கிறது.

"வேற ஆள் பாக்கணும்லடா" என்றேன்.

"எதுக்கு? அது அவன் எடம். அவன் வார வரைக்கும் அங்கன ஒருத்தனும் வரப்படாது."

சரி, பிரிவு வருத்தத்தில் பேசுகிறான், ஒரு மாதத்தில் சரியாகிவிடுவான் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பேஸ் கித்தார் இருக்கும்போது யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். இல்லாதபோதுதான் பாட்டுக்கு அடியில் தரையே இல்லை என்பது தெரியும். அதுகூடப் பரவாயில்லை. எங்கள் பாட்டுகள் சிலவற்றில் நடுவில் பேஸ் மட்டும் தனியாக வாசிக்கிற இடம் உண்டு. அதை வெட்டிவிடலாம் என்றேன். டிரம்ஸ்காரன் சம்மதிக்கவில்லை. அந்த இடம் வந்ததும் கையை நிறுத்திவிட்டு, கேட்காத பேஸுக்குத் தலையை ஆட்டிக் கணக்கு வைப்பான். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நிற்பேன். கித்தார்காரன் தரையைப் பார்ப்பான். ஜனங்கள் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு கோயில் திருவிழாவில் விழாக் கமிட்டிக்காரர் எழுந்து ஓடிப்போய் பியூஸ் கேரியரைப் பிடுங்கிப் பார்த்தார். அதில் நிஜமாகவே கரண்ட் போய்விட்டது.

அதற்குப் பிறகு பிளெக்ஸ் வந்தது. எங்கள் பக்கத்தில் ஆள் வெளிநாட்டில் இருந்தால், கல்யாண ஆல்பத்தில்கூட அவன் படத்தை வெட்டி ஒட்டிக் குடும்பத்தோடு நிற்க வைத்துவிடுவார்கள். அதே மாதிரி எங்கள் பிளெக்ஸிலும் பேஸ்காரனைச் சேர்க்க வேண்டும் என்றான் டிரம்ஸ்காரன். கிடைத்தது பாஸ்போர்ட் படம்தான். பின்னால் வெள்ளை, கழுத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய டை, முகத்தில் சிரிப்பே கிடையாது. அதைப் பெரிதாக்கி எங்கள் தலைகளுக்கு மேல் வட்டத்துக்குள் போட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் கட்டிவிட்டான். மறுநாள் யாரோ நல்ல மனுஷன் அதற்கு ஒரு மாலை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கண்ணீர் அஞ்சலி போர்டு என்று நினைத்திருக்கிறார்.

பேஸ்காரனின் உம்மா அந்த வழியாக பஸ்ஸில் போனவர், அலறியடித்துக்கொண்டு இறங்கி, நேராக என் கடைக்கு வந்தார். "எம்புள்ள மவுத்தாயிட்டான்னு போர்டு வச்சிட்டீங்களாடா? நேத்துக்கூடப் பேசுனானேடா! யா அல்லாஹ்!" என்று அவர் மார்பில் அடித்துக்கொண்டதில் தெருவே கூடிவிட்டது. நான் அவருக்கு சோடா வாங்கிக் கொடுத்து, மகனுக்கு போன் போட்டு, அவன் குரலைக் கேட்க வைத்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் என்னைத் திட்டத் தொடங்கினார். பிளெக்ஸ் வைத்தவன் ஆர்.எஸ்.மங்கலத்தில் நிம்மதியாக நாற்று நட்டுக்கொண்டிருந்தான்.

"எடுத்துத் தொலைடா அந்தப் படத்த" என்றேன் போனில்.

"மாலைய எடுத்துருவோம். படம் எதுக்கு எடுக்கணும்?" என்றான்.

போனில் படம் பார்த்துப் பேசுகிற வசதி வந்ததும் எனக்குப் பிடித்தது சனி. ஸ்டூலின் மேல் ஒரு சொம்பை வைத்து, சொம்பில் சாய்த்து போனை நிறுத்தி, கத்தாரில் இருக்கிறவனைக் கச்சேரிக்குக் கூப்பிட ஆரம்பித்தான் டிரம்ஸ்காரன். அவன் அங்கே கட்டிலில் உட்கார்ந்து வாசிப்பான். சத்தம் இங்கே வந்து சேரும்போது நாங்கள் அடுத்த வரிக்குப் போயிருப்போம். "சுருதி எறங்குது மாப்ள, சுருதி எறங்குது" என்று அங்கிருந்தே எனக்குப் பாடம் வேறு. ஒருமுறை கல்லூரி விழாவில் சோகமான பாட்டு ஒன்று உச்சத்தில் இருக்கிறபோது, அந்த போனை ஸ்பீக்கரோடு மாட்டியிருந்ததால், "ஏலே, கறி ஆறுது, வாறியா இல்ல நாங்க திங்கவா?" என்று அவன் அறைக்காரனின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அந்தப் பாட்டை அதற்குப் பிறகு நான் எங்கேயும் பாடவில்லை. வாயெடுத்தாலே கறி ஞாபகம் வருகிறது.

ரெண்டு வருஷம் என்று போனவன் லீவில் வருவான், போவான். வந்தால் தைலம், பாதாம், சென்ட் பாட்டில் எல்லாம் எங்களுக்கும் சேர்த்துக் கொண்டுவருவான். குடோனுக்கு ஒருநாள் வருவான். மற்ற நாளெல்லாம் கல்யாணம், விருந்து, வீட்டு வேலை. அந்த ஒருநாளிலும் புதுப்பாட்டு ஒன்றும் தெரியாது. பழைய பாட்டில் நாங்கள் செய்த மாற்றம் தெரியாது. ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்தாவை உடைத்துக்கொண்டே, "இது இப்புடி இல்லையே, மொத நல்லாருந்துச்சே" என்பான். நான் பல்லைக் கடிப்பேன். பாவம், அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு லீவில் அவனே சொன்னான்: "மாப்ள, நம்மளால அம்புட்டுத் தூரத்துலருந்து ஆகல. ஒரு ஆளப் போட்டுக்கங்கடா."

நான் துள்ளிக் குதித்தேன். "கேட்டியா? அவனே சொல்லிட்டான்!"

டிரம்ஸ்காரன் குச்சியைத் துடைத்துக்கொண்டே, "அவன் நம்மளுக்காகச் சொல்றான். நம்ம அவனுக்காக வச்சிருப்போம்" என்றான். பேஸ்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கித்தார்காரன் சுருதி சேர்த்தான். எனக்குத்தான் எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். திருவாடானைப் பக்கம். ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. மதுரையில் படிக்கும்போது பேஸ் கித்தார் பழகியவள். ஒரு கச்சேரி முடிந்ததும் என்னிடம் வந்து, "அண்ணே, நடுவுல சும்மா நிக்கிறீங்கள்ல, அந்த எடத்துல என்ன வாசிக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றாள். எனக்குச் சாமியே இறங்கி வந்த மாதிரி இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குடோனுக்கு வரச் சொன்னேன்.

வந்தாள். வாசித்தாள். நின்றுகொண்டுதான் வாசித்தாள், ஸ்டூலைத் தொடக்கூட இல்லை. வருஷக்கணக்காக ஓட்டையாகக் கிடந்த பாட்டுகள் அடைபட்டு முழுசாக நின்றன. கித்தார்காரனே தலைநிமிர்ந்து பார்த்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ்காரன் மட்டும் பாட்டு முடிந்ததும் குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

"பாப்பா நல்லா வாசிக்குது. இல்லன்னு சொல்லல. ஆனா அது அவன் எடம்."

"அவ ஸ்டூல்ல உக்காரவே இல்லையேடா!"

"எடம்னா ஸ்டூல் மட்டுமா?"

"பாட்டுதாண்டா முக்கியம்! ஆளா முக்கியம்? எவன் வாசிச்சா என்ன, பாட்டு நல்லாருந்தா சரி! ஆளப் பாத்தா பாட்டு வெளங்குமா? ஊருல வேற எவனாச்சும் இப்புடிச் செய்வானாடா?" என்று நான் கத்திய கத்தலில் மூட்டையில் இருந்து கரித்தூள் உதிர்ந்தது. அவன் அசையவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் பேஸை உறையில் போட்டுவிட்டு, மூலையில் கிடந்த எங்கள் சவுண்டு மிக்சரின் முன்னால் போய்க் குந்தினாள். "சவுண்டு யாருண்ணே பாக்குறா? இப்புடி எரையுது?" என்று கேட்டாள். யாரும் பார்ப்பதில்லை என்று அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. அன்றிலிருந்து அவள்தான் எங்களுக்கு சவுண்டு. மேடைக்குக் கீழே மிக்சர் முன்னால் நின்றபடி, என் பாட்டுகளை எல்லாம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே என் குரலை ஏற்றுவாள், இறக்குவாள். நல்ல வாசிப்புக்காரியைக் கீழே நிற்க வைத்துவிட்டு மேலே ஒரு ஸ்டூலை வைத்துக் கச்சேரி செய்கிற பாண்டு உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் அவளை மேலே ஏற்று என்று கத்துவேன். ஒவ்வொரு கச்சேரிக்குப் பின்னாலும் ஏன் ஏற்றவில்லை என்று கத்துவேன்.

கத்திக் கத்தித்தானோ, கரித்தூளாலோ, போன வருஷம் என் தொண்டை கட்டிக்கொண்டது. திறக்கவே இல்லை. மேல் சுருதிக்குப் போனால் குரல் இரண்டாகப் பிளந்தது. மதுரையில் தொண்டை டாக்டரிடம் போனேன். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் சதை வளர்ந்திருக்கிறது, சின்னதாக ஓர் ஆபரேஷன் என்றார். "ரொம்பக் கத்துவீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி, "வேற என்ன டாக்டர் செய்வாரு இவரு?" என்றாள்.

ஆபரேஷன் முடிந்து சில வாரங்களுக்குப் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார். கிசுகிசுவென்று பேசுவதும் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். குரல் பழையபடி வருமா என்று எழுதிக் காட்டினேன். "பாப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் தூங்காமல் கிடந்திருப்பேன். பாட்டு எழுத யார் வேண்டுமானாலும் எழுதலாம். பாடாவிட்டால் இந்த பாண்டில் நான் யார்?

கோபக்காரனை ஊமையாக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். கடைக்கு வருகிறவர்கள் காயில் கருகிய கதையை மணிக்கணக்காகச் சொல்வார்கள், நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன். கடைப் பையன்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிட்டார்கள். வீடே நிம்மதியாக இருக்கிறது என்று மனைவி தன் தங்கச்சியிடம் போனில் சொன்னாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்! டம்ளரை நங்கென்று வைத்தால் மட்டும், "கோவமா?" என்று கேட்பாள். இல்லை, சந்தோஷம்.

இந்த லட்சணத்தில்தான் சென்னையில் இருந்து அழைப்பு வந்தது. சினிமாப் பாட்டு பாடாத பாண்டுகளை மட்டும் கூப்பிட்டு நடத்துகிற ஒரு மாலைக் கச்சேரி. எங்கள் பாட்டுகளை யாரோ போனில் எடுத்துப் போட்டதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். நடக்க வேண்டாம், நிஜமான மேடை. தேதியோ நான் வாய் திறக்கக் கூடாத காலத்துக்கு நடுவில்.

எனக்கு நன்றாகத் தெரியும், டிரம்ஸ்காரன் என்ன செய்வான் என்று. வர முடியாது என்று சொல்லிவிடுவான். அல்லது என் மைக்கை மட்டும் நடு மேடையில் நிற்க வைத்து, பாட்டே இல்லாமல் வாசித்துவிட்டு வருவான். பைத்தியக்காரன், செய்யக்கூடியவன்தான். அவன் அப்படிச் சொன்னதும், வேண்டாம்டா, எனக்காக நிறுத்தாதே, ஆள் போட்டுக்கொண்டு போ என்று பெரிய மனதோடு எழுதி அனுப்ப வேண்டும் என்றுகூட வார்த்தைகளைக் கோர்த்து வைத்திருந்தேன். அந்த ஏற்பாடு எனக்கு எவ்வளவு இனித்தது என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவனிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னால் டிராக்டர் சத்தம். "மாப்ள, பாப்பா பாடட்டும். அதுக்குப் பூராப் பாட்டும் தெரியும். நேத்துப் பாட விட்டுப் பாத்தோம், அருமையாப் பாடுது. நீ நல்லா ரெஸ்ட் எடு, என்ன?"

வண்டியை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். பழகிக்கொண்டிருந்தார்கள். என் மைக்கின் முன்னால் அவள். அவளுக்குப் பக்கத்தில் வழக்கம் போல ஸ்டூல், துடைத்து வைத்து, காலியாக. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்தான் இல்லையே! போனை எடுத்து விரல் வலிக்க வலிக்க அடித்து அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி கொண்டாரல. பாப்பா, என்ன எழுதிருக்கான்னு படி" என்று அவளிடமே கொடுத்துவிட்டான்.

பிடுங்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் படித்தாள். ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல், ரத்த ரிப்போர்ட் படிக்கிற மாதிரி: "'அவன் எடத்துல இத்தன வருஷம் ஒரு ஈய உக்கார விடல. என் எடத்துக்கு மட்டும் ஒரே நாள்ல ஆளாடா? நான் என்ன செத்தா போனேன்?'ன்னு கேக்குறாருண்ணே." படித்துவிட்டு மைக்கை விட்டு ஒரு அடி தள்ளி நின்றாள். "நான் வேணாம்ணே" என்றாள் மெதுவாக.

டிரம்ஸ்காரனுக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு நிஜமாகவே புரியாதது அவன் முகத்தில் தெரிந்தது.

"மாப்ள, அவன் ஏர்போர்ட்டுல எங்கையப் பிடிச்சுக்கிட்டு அழுதான். எல்லாரும் மறந்துருவீகடா, எடத்த மட்டும் வச்சிருங்கடான்னு கேட்டான். வச்சிருக்கேன். நீ எப்பக் கேட்ட? நீ கேட்டதெல்லாம் ஆளப் போடு, ஆளப் போடு, பாட்டுதான் முக்கியம், ஆளு யாரா இருந்தா என்னன்னு. ஒனக்கு அதுதான் பிடிக்கும்னு நெனச்சேன். ஒன் இஷ்டப்படித்தானடா செஞ்சுருக்கேன். இதுக்கும் கோவிச்சா நான் என்னதான் செய்ய?"

அவள் என் போனை நீட்டினாள். மூவரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், கித்தார்காரன்கூடச் சுருதி சேர்க்கவில்லை. பதில் எழுதியிருக்கலாம். எனக்கும் எடம் வை என்று எழுத ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அதையும் அவள்தானே படித்துச் சொல்ல வேண்டும்? வீறாப்பு விடவில்லை. அவளைப் பார்த்து மைக்கைக் காட்டினேன், பாடு என்று. தலையை வேறு ஆட்டினேன். "பாத்தியா, நான் சொல்லல?" என்றான் டிரம்ஸ்காரன் எல்லாரையும் பார்த்து.

சென்னையில் சவுண்டுக்கு ஆள் வேண்டுமே! அவள் மேலே ஏறிவிட்டால் கீழே யார்? நான்தான். மிக்சர் முன்னால் போய் நின்றேன். அவள் என் பாட்டைப் பாடினாள். நான் என்றைக்கும் மூச்சு எடுக்காத இடத்தில் அவள் மூச்சு எடுத்தாள், அதனால் அந்த வரி உடையாமல் முழுசாக வந்தது. அது எனக்கு எத்தனை எரிச்சலாக இருந்தது தெரியுமா? எரிச்சலோடே அவள் குரலை ஏற்றினேன். நன்றாக இருப்பதை இறக்க மனசு வரவில்லை, என்ன செய்ய? பேஸ் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. மூன்று பேரும் நின்றார்கள். டிரம்ஸ்காரன் ஸ்டூலைப் பார்த்துத் தலையை ஆட்டினான். எங்கள் ஊரில் பியூஸைப் பிடுங்கிப் பார்த்த அந்த மௌனத்துக்கு, அங்கே எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கச்சேரி முடிந்ததும் கூட்டம் என் பக்கம்தான் வந்தது, மேடைக்குப் போக விடவில்லை போலிருக்கிறது. "சார், அந்த ஸ்டூல்ல யாரு உக்காரணும்?" என்றாள் ஒரு பெண். "அவர் இறந்துட்டாரா சார்?" என்றான் ஒருவன். "திரும்பி வருவாரா?" என்றார் வயதான ஒருவர், தன் சொந்தக்காரனைப் பற்றிக் கேட்கிற மாதிரி. நான் கையை விரித்தேன். டிரம்ஸ்காரன் இறங்கி வந்து, முழுக் கதையையும் ஆதியிலிருந்து சொல்லி, அங்கேயே கத்தாருக்கு போன் போட்டுப் படத்தோடு காட்டினான். அத்தனை பேரும் போனைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவன் அங்கே கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டே கையசைத்தான். வாசிக்காதவனை ஊரே விசாரித்தது. இந்தப் பாட்டுகளை முன்னால் யாராவது பாடிக்கொண்டிருந்தார்களா என்று ஒருவர், ஒரே ஒருவர் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? அங்கே காலி இடம் ஒன்றும் இல்லையே.

சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ்காரனைத் தனியாக இழுத்தேன். டாக்டர் சொன்னது, குரல் வருமா வராதா என்பது, எல்லாம் கிடக்கட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"எனக்கும் ஒரு ஸ்டூல் போடுடா."

பஞ்சரான டயரில் இருந்து காற்றுப் போகிற மாதிரி வந்தது. "என்ன?" என்று காதைக் கொடுத்தான். இன்னொரு தடவை சொன்னேன். இந்த முறை கேட்டுவிட்டது. பெரிய டிரம்மை இடுப்பில் அணைத்துக்கொண்டு சிரித்தான்.

"நீதான் நின்னுக்கிட்டுப் பாடுற ஆளாச்சே மாப்ள, ஒனக்கு எதுக்கு ஸ்டூலு? பேசாத பேசாத, தொண்டை போயிரும்" என்று சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் நடந்தான்.

அவன் முதுகைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அந்த ஒரு நிமிஷம் மட்டும் கத்த முடிந்திருந்தால், அதற்கப்புறம் குரல் வராமலே போனாலும் போகட்டும் என்றிருந்தது எனக்கு.